பதினாலாம் பெட்டின் ஒரு மணி ஊசி

இந்தக் கதையின் குருவுக்கு வயது முப்பத்தொன்று. சிஷ்யைக்கு நாற்பத்து நான்கு. குரு என்றால் தாடி வேண்டும், ஆசிரமம் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் வேறு கதைக்குப் போகலாம். இங்கே இருப்பது உறையூரில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் மாடியில் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு வெள்ளைப் பலகை, சிவப்புப் பேனாவோடு நிலோஃபர் டீச்சர்.

அவளிடம் படிக்க வருகிறவர்கள் எல்லோரும் நர்ஸ்கள். வெளிநாட்டு வேலைக்கான இங்கிலீஷ் பரீட்சையில் பாஸாக வேண்டியவர்கள். டீச்சர் அவர்களை சிஸ்டர் என்பாள். அவர்கள் அவளை டீச்சர் என்பார்கள். யாரும் யாருடைய வயதையும் பார்ப்பதில்லை.

நிலோஃபரிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் எதை எழுதிக் கொடுத்தாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படிப்பாள். படித்து முடித்த பிறகு கீழே 'படித்தேன்' என்று எழுதுவாள். கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, நேரத்தைக் குறித்து, கையெழுத்துப் போடுவாள். இரண்டு வருடங்களில் ஒரு தாளுக்குக்கூட இந்த வரிசை மாறியதில்லை.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு இல்லை. காலை பத்து மணிக்கு அமலோற்பவம் தடதடவென்று படியேறி வந்தாள். செருப்பை ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று உதறினாள்.

"டீச்சர், இதைத் திருத்திக் குடுங்க. பன்னெண்டு மணிக்குள்ள ஆஸ்பத்திரில குடுக்கணும்."

"என்ன லெட்டர் சிஸ்டர்?"

"விளக்கம் கேட்டிருக்காங்க. இருபத்திரண்டு வருஷம் வேலை பாத்தவகிட்ட விளக்கம்! அதுவும் இங்கிலீஷ்ல வேணுமாம். திட்டும்போது மட்டும் தமிழ் நல்லா வருது அவங்களுக்கு."

"உக்காருங்க."

"உக்கார நேரம் இல்ல."

உட்காராமலேயே சொன்னாள். சொன்னதில் பாதி வசவு. வசவை நீக்கிவிட்டால் நடந்தது இதுதான்.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு, பதினாலாம் பெட்டில் இருந்த பெயின்டர் தங்கையாவுக்கு வலிப்பு வந்தது. சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டுச் சேர்ந்தவர் அவர். வலிப்பு வராமல் இருக்க அவருக்கு மதியம் ஒரு மணிக்கு ஊசி போட வேண்டும். வலிப்பில் கட்டிலிலிருந்து விழுந்து மறுபடியும் தலையில் அடி. இப்போது ஐசியூவில் இருக்கிறார். இன்னும் பேச்சு வரவில்லை.

காலை டியூட்டி அமலோற்பவத்துடையது. இரண்டு மணிக்கு அவளிடமிருந்து வார்டை வாங்கிக்கொண்டவள் வசுமதி. பெயின்டர் விழுந்தது வசுமதியின் டியூட்டியில் என்பதால் அவளை அன்றைக்கே சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

வசுமதி ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள். வலிப்பு வந்த பிறகு பார்த்தபோது பதினாலாம் பெட்டின் மருந்துத் தட்டில் அந்த ஊசி மருந்து உடைக்காமல் அப்படியே இருந்தது என்றாள். ஆனால் சார்ட்டில் ஒரு மணிக்கு ஊசி போட்டதாக அமலோற்பவத்தின் கையெழுத்து இருந்தது. நிர்வாகம் சார்ட்டை நம்பியது. வசுமதியே ஒரு மருந்தைக் கொண்டுவந்து தட்டில் வைத்துவிட்டுப் பொய் சொல்கிறாள் என்று பேச்சு. திங்கட்கிழமை அவளுக்கு வேலை இருக்குமா இருக்காதா என்பது அமலோற்பவத்தின் இந்த இரண்டு பக்கக் கடிதத்தைப் பொறுத்திருந்தது.

"அவ மேலயும்தான் எனக்குக் கோபம்," என்றாள் அமலோற்பவம். "பன்னெண்டு வருஷமா ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிடறோம். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லக் கூடாதா? தட்டுல மருந்து இருந்துச்சுன்னு நேரா போய்ச் சொல்லிட்டா."

"இருந்துச்சா?"

"என்ன இருந்துச்சா?"

"மருந்து."

அமலோற்பவம் அவளை முறைத்தாள். "உங்ககிட்ட நான் இங்கிலீஷ் கேக்கத்தான் வந்தேன்."

"சரி. கேளுங்க."

"கேக்கறேன். ரெண்டு வருஷமா உங்ககிட்ட படிக்கறேன். மூணு தடவை பரீட்சை எழுதிட்டேன். பேசறது பாஸ், காதால கேட்டு எழுதறது பாஸ். சொந்தமா எழுதற பேப்பர்ல மட்டும் ஒவ்வொரு தடவையும் காலம் தப்புங்கறாங்க. நடக்கப் போறதை நடந்துட்ட மாதிரி எழுதறேனாம். அயர்லாந்துல எனக்கு வேலை தயாரா இருக்கு டீச்சர். இந்த ஒரு பேப்பர்தான் குறுக்க நிக்குது. பச்சப் புள்ளைங்ககூட சரியா எழுதுது. எனக்கு மட்டும் ஏன் அது வர மாட்டேங்குது?"

நிலோஃபருக்குப் பதில் தெரியும். மூன்று மாதங்களுக்கு முன்னாலேயே தெரியும்.

அன்றைக்கு வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்திருந்தாள். நாளைக்கு உங்கள் டியூட்டியில் என்னென்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுத வேண்டும். அமலோற்பவம் எழுதியிருந்தாள்: காய்ச்சல் பார்த்தேன், மருந்து கொடுத்தேன், கட்டு மாற்றினேன். இது நாளைக்குத்தானே சிஸ்டர் என்று கேட்டபோது வாய்விட்டுச் சிரித்தாள்.

"பழக்கதோஷம் டீச்சர். காலைல எட்டு மணிக்கே, மதியம் ரெண்டு மணி வரைக்கும் சார்ட்டுல உள்ள கட்டத்தையெல்லாம் நிரப்பிடுவோம். நேரத்தைப் போட்டு, கையெழுத்தையும் போட்டுட்டா நிம்மதி. அப்புறம் ஒவ்வொண்ணா செஞ்சுக்கலாம். செய்யற நேரத்துல எழுதிட்டு இருந்தா யாரு ஓடறது?"

பக்கத்தில் இருந்த நாலைந்து பேர் எங்கள் வார்டிலும் அப்படித்தான் என்று தலையாட்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நிலோஃபரும் சிரித்தாள். மூன்று வினைச்சொற்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, 'காலம் தவறு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

அன்றைக்கு அவள் வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு இதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. அவ்வளவு பெரிய விஷயத்தை வெறும் எழுத்துப் பிழை என்று நினைத்து வட்டம் போட்டுவிட்டாள். குருமார்களும் அசடு வழிவது உண்டு.

இந்தச் சனிக்கிழமை அவள் அசடு வழியவில்லை. கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினாள். விரிக்கவில்லை. மடித்தது மடித்தபடியே மேஜையில் வைத்து, வெளிப்பக்கத்தில் சிவப்புப் பேனாவால் எழுதினாள்.

முழுவதும் படித்தேன். பிழை இல்லை. காலை 10.40.

கீழே கையெழுத்துப் போட்டு அமலோற்பவத்திடம் நீட்டினாள்.

அமலோற்பவம் அதைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தேகால்கூட ஆகவில்லை.

"என்ன டீச்சர் இது?"

"முடிச்சுட்டேன்."

"நீங்க பிரிக்கவே இல்லையே?"

"பிரிச்சுப் படிக்கத்தான் போறேன். பத்து நாப்பதுக்குள்ள படிச்சுடுவேன்."

"படிக்காம எப்படிக் கையெழுத்துப் போடுவீங்க?"

"போட்டுட்டா நிம்மதி சிஸ்டர். நடுவுல ஏதாவது அவசர வேலை வந்தாலும் வரும். எழுதிட்டு இருந்தா யாரு ஓடறது?"

"விளையாடறீங்களா? இதுல என் பொழப்பே இருக்கு! ஒரு தப்பு இருந்தா என் கதை முடிஞ்சுது. உங்க கையெழுத்தைப் பார்த்துட்டு நான் பாட்டுக்கு நம்பிக் கொண்டுபோய்க் குடுத்திருந்தா?"

"குடுத்திருந்தா?"

அமலோற்பவம் வாயைத் திறந்தாள். திறந்தது திறந்தபடி நின்றது.

கீழே கடையில் ஜெராக்ஸ் மிஷின் யாருடையதோ ரேஷன் கார்டை நகலெடுத்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் சிஷ்யைக்கு ஞானம் பிறந்து காலில் விழுந்தாள் என்று எழுதினால் கதை சுலபமாக முடிந்துவிடும். அமலோற்பவம் அப்படிப்பட்டவள் அல்ல. அவளுக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது. கடிதத்தை மேஜையில் அடித்தாள்.

"சொல்ல வர்றதை நேரா சொல்லுங்க. ஜாடை பேசாதீங்க. முப்பத்தாறு பெட் டீச்சர். நாங்க ரெண்டே ரெண்டு பேர். ஒருத்தர் வாந்தி எடுப்பாரு, ஒருத்தர் டிரிப்பைப் பிடுங்கிப் போடுவாரு, நாலு சொந்தக்காரங்க சுத்தி நின்னு கத்துவாங்க. சார்ட்டுல ஒரு கட்டம் காலியா இருந்தா மெமோ. நிரம்பியிருந்தா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அவங்களுக்கு வேண்டியது கட்டம் நிரம்பணும், அவ்வளவுதான். ஒரு நாள் வந்து நின்னு பாருங்க. அப்புறம் எனக்கு பாடம் நடத்துங்க."

நியாயமான கோபம். நிலோஃபரும் அதை மறுக்கவில்லை.

"நான் வந்து நின்னதில்ல," என்றாள். "எனக்குத் தெரியாது."

"அப்போ படிங்க. படிச்சுத் திருத்திக் குடுங்க. நான் போறேன்."

நிலோஃபர் கடிதத்தைப் பிரித்தாள். வழக்கம்போல விரல் வைத்துப் படித்தாள். ஒவ்வொரு வரியையும் இங்கிலீஷில் உரக்க வாசித்து, அதையே தமிழிலும் சொன்னாள்.

"நான் ஏழு மணிக்கு வார்டைப் பொறுப்பேற்றேன். நான் முப்பத்தாறு நோயாளிகளுக்கும் காய்ச்சல் பார்த்தேன். நான் பதினாலாம் பெட் நோயாளிக்கு டிரிப் மாற்றினேன். நான் அவருடைய தலைவலியைப் பற்றி டாக்டரிடம் சொன்னேன். ஒரு மணிக்கு ஊசி போடப்பட்டது. நான் இரண்டு மணிக்கு வசுமதியிடம் வார்டை ஒப்படைத்தேன்."

விரல் ஒரு வரி மேலே போய் அங்கேயே நின்றது.

"எல்லா வரியிலும் நீங்க இருக்கீங்க சிஸ்டர். இந்த ஒரு வரியில மட்டும் ஆளைக் காணோம்."

"அது தப்பா?"

"ஒரே வரிசையா எழுதிட்டு வந்தா கடைசி வரைக்கும் அதே மாதிரி எழுதணும்னு சொல்லிக் குடுத்திருக்கேன்."

"ஆளைச் சொல்லாம எழுதலாம்னும் நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க! ஆபீஸ் லெட்டர்ல அப்படி எழுதினா மரியாதையா இருக்கும்னு சொன்னீங்க. நோட்டுல எழுதி வச்சிருக்கேன். கொண்டுவந்து காட்டட்டுமா?"

நிலோஃபரின் முகம் சிவந்துவிட்டது. அவளுக்கு அப்போது வந்த கோபத்தில் பெரும்பங்கு அவள் மேலேயேதான்.

"காட்ட வேணாம்," என்றாள். "சொன்னேன். இதுக்குன்னு தெரியாம சொன்னேன். அந்த ஊசியைப் போட்டது யாரு?"

அமலோற்பவம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சிஸ்டர். யாரு போட்டா?"

"பன்னெண்டே முக்காலுக்கு பஸ் ஆக்சிடென்ட் கேஸ் நாலு வந்துச்சு." அமலோற்பவம் வெளியே பார்த்தபடியே பேசினாள். "நாலும் எங்க வார்டுக்குத்தான். ஒருத்தருக்குக் கால் நசுங்கி இருந்துச்சு. ரெண்டு கையும் ரத்தம் எனக்கு. நான் நிமிரும்போது மணி ஒன்னே முக்கால். வார்டை ஒப்படைக்கணுமேன்னு ஓடிப்போய் சார்ட்டை எடுத்துப் பாத்தேன். பதினாலாம் பெட், ஒரு மணி ஊசி, போட்டாச்சுன்னு இருந்துச்சு. என் கையெழுத்து. என் கையெழுத்தைப் பாத்து நானே நம்பிட்டேன் டீச்சர்!"

கடைசி வார்த்தைகளைக் கத்தினாள். கீழே கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"போடலைன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"வசுமதி தட்டுல மருந்து இருக்குன்னு சொன்னப்போ."

"அது புதன்கிழமை."

"ம்."

"இன்னிக்கு சனிக்கிழமை."

அமலோற்பவம் சட்டென்று திரும்பினாள். "அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க? ஒத்துக்கிட்டா என்னைத் தூக்கி வெளியில போட்டுடுவாங்க. அப்புறம் எந்த அயர்லாந்து? நன்னடத்தை சர்ட்டிபிகேட் யாரு குடுப்பா? வசுமதிக்கு முப்பத்தாறு வயசுதான் ஆகுது. அவளுக்கு வேற எங்கயாவது வேலை கிடைக்கும்."

நிலோஃபர் எழுந்து நின்றாள். இரண்டு வருடங்களில் அவள் குரல் உயர்ந்து அந்த மாடி கேட்டதில்லை.

"இதை அவங்க முகத்தைப் பாத்துச் சொல்லுங்க பாக்கலாம்! நாளைக்கு அந்தப் பெயின்டருக்குப் பேச்சு வந்து, எனக்கு ஊசி போட்டாங்களான்னு கேட்டா, போடப்பட்டதுன்னு சொல்லுவீங்களா? உங்களுக்கு ஒரு மெமோ வரக் கூடாது. அதுக்காக ஒருத்தி திருடி மாதிரி தலை குனிஞ்சு வீட்டுல உக்காந்திருக்கணும். அவங்க டிபன் பாக்ஸ்ல எந்த வாயோட சாப்பிட்டீங்க?"

சொல்லி முடித்ததும் நிலோஃபர் உட்கார்ந்துவிட்டாள்.

அமலோற்பவம் எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்று காலையில் அவள் உட்கார்ந்தது அப்போதுதான்.

"நீங்களே அந்த வரியைத் திருத்திடுங்க," என்றாள். "நீங்க என்ன எழுதறீங்களோ அதையே கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

நிலோஃபர் சிவப்புப் பேனாவை மேஜையில் அவள் பக்கமாகத் தள்ளினாள்.

"அந்த வார்டுல நான் இல்ல சிஸ்டர்."

அமலோற்பவம் பேனாவை எடுத்தாள். 'ஊசி போடப்பட்டது' என்ற வரியை ஒரே கோடாக அடித்தாள். அதற்கு மேலே இங்கிலீஷில் 'நான்' என்று எழுதினாள். அங்கேயே கை நின்றுவிட்டது.

"நான் போட்டேன்னு எழுதட்டுமா, போடலைன்னு எழுதட்டுமா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் இன்னும் கோபம் இருந்தது. "சொல்லுங்க. நீங்கதானே டீச்சர்? ரெண்டுல எது சரி?"

"இங்கிலீஷ்ல ரெண்டும் சரிதான்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கடிதத்தின் ஓரம் எழும்பி எழும்பி அடங்கியது. அமலோற்பவம் அதை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு எழுதினாள். நான் போடவில்லை.

அழுத்தி எழுதியதில் தாள் ஓரிடத்தில் கிழிந்தது. அவள் நிறுத்தவில்லை. யாரும் கேட்காமலேயே கீழே இன்னும் எழுதினாள். அன்று காலை எட்டு மணிக்கே எல்லாக் கட்டங்களிலும் நான் கையெழுத்துப் போட்டேன். பிற்பகலில் என் கையெழுத்தைப் பார்த்து ஊசி போட்டுவிட்டதாக நம்பினேன். தட்டில் மருந்து இருந்தது என்று வசுமதி சொன்னது உண்மை. முப்பத்தாறு பெட்டுக்கு நாங்கள் இரண்டு பேர் இருந்தோம், அதுவும் உண்மை. கடைசி வரியை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு வினைச்சொல்லில்கூடக் காலம் தவறவில்லை. நிலோஃபர் அதைக் கவனித்தாள். பாராட்டவில்லை.

"போதுமா?" என்றாள் அமலோற்பவம். "இப்போ சந்தோஷமா உங்களுக்கு?"

"இல்ல."

நிலோஃபர் கடிதத்தைத் தன் பக்கம் திருப்பி, முதல் வரியிலிருந்து மறுபடியும் விரல் வைத்துப் படித்தாள். முடித்ததும் வெளிப்பக்கத்தைத் திருப்பி, முதலில் தான் எழுதிய 10.40-ஐயும் அதற்கு மேலிருந்த பொய்யையும் அடித்தாள். கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். 'படித்தேன், 11.20' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இப்படி அடிச்சுத் திருத்தினதையே குடுக்கலாமா? வேற தாள்ல எழுதட்டுமா?"

"இதையே குடுங்க. என்ன இருந்துச்சு, என்ன ஆச்சுன்னு அவங்களும் பாக்கட்டும்."

அமலோற்பவம் கடிதத்தை மடிக்கப்போனாள். மடிக்கும்போது இரண்டாம் பக்கத்தின் அடியில் அவள் பார்வை விழுந்தது. அங்கே, தன் கையெழுத்துக்கு மேலே, வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவள் ஒரு வரி எழுதி வைத்திருந்தாள்.

இந்தக் கடிதத்தை இன்று பகல் 12 மணிக்கு நானே நேரில் ஒப்படைத்தேன்.

அவள் முகம் கறுத்தது. "இதையும் பாத்தீங்கதானே டீச்சர்?"

"பாத்தேன்."

"இன்னும் குடுக்கவே இல்ல. குடுத்துட்டேன்னு எழுதியிருக்கேன். இது தப்புதானே? இதை மட்டும் ஏன் அடிக்கல?"

நிலோஃபர் சிவப்புப் பேனாவுக்கு மூடி போட்டாள்.

"தப்பா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும் சிஸ்டர்? பன்னெண்டு மணி ஆகட்டும்."